சோழவந்தானுக்கு எத்தனை பைட்?

தமிழ் வலைச் செயலிக்கு ஒரு பிளகின் எழுதுவதன் வரவு செலவு

சோழவந்தான் என்று எழுதினால் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினியின் சேமிப்பில் அந்தப் பெயர் 30 பைட். தட்டச்சு செய்த மென்பொருள் ‘சோ’வின் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் பதிந்திருந்தால் 33 பைட். வலைச் செயலியைக் கட்டித் தரும் பில்டு கருவி தமிழ் எழுத்தைக் குறியெண்ணாக மாற்றி எழுதிவிட்டால் 60 பைட். இந்த இரண்டும் சேர்ந்துகொண்டால் 66. திரையில் நான்கும் ஒன்றுபோலவே தெரியும். கணக்கில் மட்டும்தான் வேறுபாடு.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, இதைச் சரிசெய்ய ஒரு பிளகின் எழுதினால் எவ்வளவு செலவாகும், எவ்வளவு மிஞ்சும் என்பதை வரி வரியாகப் பார்க்கிறது இந்தக் கட்டுரை. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட்டின் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் இயங்குகின்றன. மாட்டுத்தாவணியில் டைடல் பூங்காவுக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. மதுரையிலிருந்து இனி எழுதப்படும் செயலிகளில் கொஞ்சமாவது மதுரைக்காரர்களுக்காக, தமிழில் இருக்கும் என்ற நம்பிக்கையோடு இதை எழுதுகிறேன்.

கருவிகளின் வயது

எழுதுபவர் நூறு கோப்புகளாகப் பிரித்து எழுதும் நிரலை, உலாவி சீக்கிரம் படிக்கும்படி சில கோப்புகளாகக் கட்டித் தருவதுதான் பில்டு கருவியின் வேலை. ஜாவாஸ்கிரிப்ட் நிரலை உலாவிக்கு வெளியே ஓட்டும் ரயான் டாலின் நோட் 2009இல் வந்தது. நிரல்பொதிகளைப் பகிரும் என்பிஎம் 2010இல் வந்தது. பில்டு கருவிகளில் டோபியாஸ் கொப்பர்ஸின் வெப்பேக் 2012, ரிச் ஹாரிஸின் ரோலப் 2015. இவான் வாலஸின் எஸ்பில்டும் இவான் யூவின் வீட்டும் 2020. வீட் என்பது பிரெஞ்சு மொழியில் ‘விரைவாக’ என்று பொருள்படும் சொல்.

இந்தப் பில்டு கருவிகள் எல்லாவற்றிலும் நம் வேலையை இடையில் நுழைக்க வழி உண்டு. அப்படி நுழைப்பதுதான் பிளகின். தமிழில் செருகுநிரல் என்றும் சொல்கிறோம். வீட் கருவியில் ஒரு பிளகின் என்பது பெயரும் சில செயல்களும் கொண்ட சிறிய பொருள், அவ்வளவுதான். ஒரு கோப்பு உள்ளே வரும்போது ‘டிரான்ஸ்ஃபார்ம்’ என்ற செயல் ஓடும். எல்லாம் கட்டி முடிந்து வெளியே எழுதுவதற்கு முன் ‘ஜெனரேட் பண்டில்’ ஓடும். தமிழுக்கான நம் வேலைக்கு இந்த இரண்டு வாசல்கள் போதும்.

ஒரு எழுத்தின் அடக்க விலை

முதலில் சரக்கை எண்ணுவோம். மதுரையையும் அதைச் சுற்றியுள்ள சமவெளியையும் சேர்ந்த பத்துப் பெயர்களை எடுத்து, யாரும் கையால் சரிபார்க்கும்படி எண்ணி வைத்திருக்கிறேன். குறியெண் என்பது யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் தரும் எண். கடைசிப் பத்தி, குறியெண்ணாக மாற்றி எழுதினால் ஆகும் பைட்.

| பெயர் | எழுத்து | குறியெண் | பைட் | மாற்றி எழுதினால் |
|---|---|---|---|---|
| மதுரை | 3 | 5 | 15 | 30 |
| மேலூர் | 3 | 6 | 18 | 36 |
| சோழவந்தான் | 6 | 10 | 30 | 60 |
| வாடிப்பட்டி | 6 | 11 | 33 | 66 |
| ஆரப்பாளையம் | 7 | 11 | 33 | 66 |
| உசிலம்பட்டி | 7 | 11 | 33 | 66 |
| திருமங்கலம் | 7 | 11 | 33 | 66 |
| மாட்டுத்தாவணி | 7 | 13 | 39 | 78 |
| அலங்காநல்லூர் | 8 | 13 | 39 | 78 |
| திருப்பரங்குன்றம் | 10 | 17 | 51 | 102 |
| மொத்தம் | 64 | 108 | 324 | 648 |

64 எழுத்துக்கு 324 பைட். ஒரு தமிழ் எழுத்தின் அடக்க விலை ஏறத்தாழ 5 பைட். மாற்றி எழுதினால் 10 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட்தான். திருப்பரங்குன்றத்தை ஆங்கிலத்தில் 17 எழுத்துகளில் எழுதினால் 17 பைட்டில் முடிந்துவிடும், தமிழில் 51.

காரணம் எளிது. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்கள் 2944இல் தொடங்கி 3071இல் முடிகின்றன. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்த யுடிஎஃப்-8 முறையில் 127 வரையுள்ள எண்ணுக்கு 1 பைட், 2047 வரை 2 பைட், 65,535 வரை 3 பைட். கிரேக்கமும் ரஷ்ய எழுத்தும் அரபியும் 2047க்குள் அமர்ந்துவிட்டன. தமிழ் அந்தக் கோட்டைத் தாண்டி உட்கார்ந்திருக்கிறது. அதனால் ‘ம’வுக்கு 3 பைட். ‘து’ என்பது தகரமும் உகரக் குறியும் சேர்ந்தது, அதற்கு 6.

இந்த விலையை நாம் தெரிந்தேதான் ஏற்றோம். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம் முதலில் இணைமதி எழுத்துருவிலும், பிறகு ஒரு குறிக்கு ஒரு பைட் மட்டும் எடுக்கும் திஸ்கியிலும் நூல்களைத் தந்தது. பின்னர் யூனிகோடுக்கு மாறியது. இடம் கூடுதலாகப் பிடித்தாலும், எந்த ஊரில் எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து எழுத்தாகவே தெரியும் என்ற வரவு அதைவிடப் பெரியது. எனவே 3 பைட் என்பது நியாயமான விலை. நாம் கேட்க வேண்டியது 6 பைட் எதற்கு என்பதுதான்.

இயல்புநிலை யாருக்கு இயல்பு?

எஸ்பில்டை நேரடியாக ஓட்டினால், அமைப்பை மாற்றாதவரை, ஆங்கிலமல்லாத எழுத்துகளை அது குறியெண்ணாக மாற்றியே எழுதும். ஒரு சாய்கோடு, ஒரு ‘யு’, நான்கு இலக்கம் என ஆறு பைட். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பக்கத்தின் எழுத்து முறை இன்னதென்று தலைப்பில் சொல்லாவிட்டால் உலாவி தவறாக ஊகித்து எழுத்தைக் குலைத்துவிடலாம். அந்த விபத்தைத் தவிர்க்கும் காப்பு அது. ஆங்கிலச் செயலிக்கு இந்தக் காப்பு இலவசம், ஏனென்றால் மாற்ற அங்கே எழுத்தே இல்லை. தமிழ்ச் செயலி மட்டும் காப்பீட்டுக் கட்டணமாக உள்ளடக்கத்தின் எடையை இரட்டிப்பாக்கிக் கொடுக்கிறது.

ஒரு செயலியில் 2,000 தமிழ்ச் சொற்கள் இருப்பதாகவும், சொல்லுக்கு மேலே உள்ள பட்டியலின் சராசரியான 32.4 பைட் என்றும் வைத்துக்கொள்வோம்.

- நேராக எழுதினால்: 64,800 பைட்
- மாற்றி எழுதினால்: 1,29,600 பைட்
- விநாடிக்கு 1 மெகாபிட் வரும் இணைப்பில், சுருக்கம் இல்லாமல், முதலாவதற்கு 0.52 விநாடி, இரண்டாவதற்கு 1.04 விநாடி

வெப்பேக்கில் ஒரு கோப்பு 2,50,000 பைட்டைத் தாண்டினால் எச்சரிக்கை வரும். அந்த வரம்புக்குள் ஆங்கில எழுத்து 2,50,000 அடங்கும். தமிழ் எழுத்து சுமார் 50,000. மாற்றி எழுதினால் 25,000தான்.

இதைச் சரிசெய்யப் பிளகின் தேவையா? தேவையில்லை. எஸ்பில்டின் அமைப்பில் எழுத்து முறை யுடிஎஃப்-8 என்று ஒரு வரி எழுதி, பக்கத்தின் தலைப்பிலும் அதையே ஒரு வரி அறிவித்தால் போதும். இரண்டு வரியில் முடிகிற வேலைக்குப் பிளகின் எழுதுவது வீண் செலவு. கணக்கின் முதல் மிச்சம் இதுதான்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வழங்கி கோப்புகளைச் சுருக்கி அனுப்பினால் இந்த வேறுபாட்டில் பெரும்பகுதி கரைந்துவிடும். தமிழ் எழுத்தின் மூன்று பைட்டில் முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. திரும்பத் திரும்ப வருவதைத்தான் சுருக்கும் முறைகள் நன்றாக விழுங்கும். ஆகவே 64,800 பைட் மிச்சம் என்பது மூட்டை அவிழ்த்த பிறகு போடும் எடை. வழியில் போகும் எடையில் மிச்சம் அதைவிடக் குறைவு.

ரூபாயில் பார்த்தால் இன்னும் சிறியது. நாளுக்கு 2 ஜிபி, 28 நாளுக்கு 349 ரூபாய் என்று ஒரு ரீசார்ஜைக் கணக்குக்கு எடுத்தால், 56 ஜிபிக்கு 349 ரூபாய். ஒரு ஜிபிக்கு 6 ரூபாய் 23 காசு. நாளுக்கு 1,000 பேர் திறந்தால், சுருக்கமே இல்லாவிட்டாலும், மாதத்தில் வீணாவது 1.94 ஜிபி. ஆயிரம் பேருக்கும் சேர்த்து மாதம் 12 ரூபாய். பணம் மிச்சமாகும் என்று இதை யாரிடமும் விற்க முடியாது. சிக்னல் மெலிந்த இடத்தில் நின்று காத்திருக்கும் அந்த அரை விநாடிதான் இங்கே உண்மையான செலவு.

பத்தில் ஒரு ஊர் காணாமல் போகும்

பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது. யூனிகோடில் ‘ோ’ என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம். ‘ே’, ‘ா’ என்று இரண்டாகவும் எழுதலாம். ‘ொ’, ‘ௌ’ ஆகிய குறிகளும் ‘ஔ’ எழுத்தும் இப்படித்தான். பார்வைக்கு ஒன்று. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்கு இரண்டும் வேறு வேறு சொல்.

மேலே உள்ள பத்துப் பெயர்களில் இந்தச் சிக்கல் வரக்கூடியது ஒன்றே ஒன்று: சோழவந்தான். பேருந்து நேரம் சொல்லும் ஒரு செயலியில் ஊர்ப்பட்டியல் 33 பைட் வடிவில் பதிந்திருந்து, பயணி 30 பைட் வடிவில் தட்டினால் விடை ‘எதுவும் கிடைக்கவில்லை’. மேலூர்க்காரருக்கும் உசிலம்பட்டிக்காரருக்கும் செயலி வேலை செய்யும். 2023இல் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தானிலிருந்து தேடுகிறவருக்கு அவர் ஊரே இருக்காது. பத்தில் ஒன்று என்றால் நூற்றுக்கு 10. எந்தப் பேருந்து நிறுவனமும் பத்தில் ஒரு நிறுத்தத்தை விட்டுவிட்டு வண்டி ஓட்டாது.

மருந்து யூனிகோடிலேயே இருக்கிறது. என்எஃப்சி என்ற ஒழுங்குமுறை, பிரிந்து கிடப்பவற்றைச் சேர்த்து ஒரே வடிவமாக்கும். ஜாவாஸ்கிரிப்டில் 2015 முதல் இதற்கு ஒரு கட்டளை உண்டு. பட்டியலைக் கட்டும்போது ஒரு முறை, பயணி தட்டும் சொல்லுக்கு ஒரு முறை, இரண்டு பக்கமும் இதைச் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் சிக்கல் இடம் மாறுமே தவிரத் தீராது.

என்எஃப்சியால் தீராத ஒன்றும் இருக்கிறது. சௌராஷ்டிரா என்ற சொல் மதுரையில் தெருவுக்குத் தெரு பெயர்ப்பலகையில் இருக்கும். சரியாக எழுதினால் 10 குறியெண், 30 பைட். பலர் ஒற்றைக் கொம்பும் ‘ள’ எழுத்தும் போட்டுத் தட்டுகிறார்கள். அப்போது 11 குறியெண், 33 பைட். இது பிரிந்த வடிவம் அல்ல, எழுத்தே வேறு. எல்லா ‘ெள’வையும் ‘ௌ’வாக மாற்று என்று கட்டளையிட்டால் ‘தெளிவு’ சிதைந்துவிடும். அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வராத ‘ள’வை மட்டும் மாற்று என்றாலும் ‘வெளஞ்ச நெல்லு’, ‘வெளக்கு’ என்று ஊர்ப் பேச்சை அப்படியே எழுதிய இடங்கள் கெட்டுவிடும். எனவே கருவி இந்த இடங்களைப் பட்டியலிட வேண்டும். முடிவைத் தமிழ் தெரிந்த மனிதர் எடுக்க வேண்டும்.

எழுத்துரு இருப்பு

மதுரை பெயர் தாங்கிய எழுத்துரு ஒன்று உண்டு. இந்தியன் டைப் ஃபவுண்டரி வெளியிட்ட ஹிந்த் மதுரை. கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. மெலிந்ததிலிருந்து தடித்தது வரை 5 எடைகள். தலைப்புக்கு ஒன்று, உரைக்கு ஒன்று என 2 போதும் என்றால் மற்ற 3 எடைகளை இறக்குவது வீண்.

கூகுள் எழுத்துரு சேவையில் தமிழுக்கான பகுதி 2946 முதல் 3066 வரையுள்ள 121 இடங்களோடு சில உதிரிக் குறிகளையும் தருகிறது. அந்த உதிரிகளில் ஒன்று ரூபாய்க் குறி ₹. தமிழரான உதயகுமார் வடிவமைத்து 2010 ஜூலையில் அரசு ஏற்றது. அதுவும் 3 பைட்தான். 121 இடங்களுக்குள் நம் பழைய கணக்கர்களின் குறிகளும் அடக்கம்: பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹.

ஆனால் முந்திரி, மாகாணி போன்ற பின்னக் குறிகள் இந்த வரிசையில் இல்லை. அவை 2019இல் யூனிகோடு தந்த தமிழ்ப் பின்னிணைப்பின் 51 குறிகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 4 பைட். பழைய முறையில் மாற்றி எழுதினால் 12. நிலக்கணக்கையோ பழைய ஓலைக்கணக்கையோ வலைக்குக் கொண்டுவருபவர் இதை முன்கூட்டியே அறிந்தால்தான் திரையில் வெறும் கட்டம் தோன்றாமல் காக்கலாம்.

பிளகினின் வேலைப் பட்டியல்

ஆக, பிளகினுக்கு மிஞ்சும் வேலைகள் நான்கு.

1. மொழிக் கோப்புகள் உள்ளே வரும்போது என்எஃப்சிக்கு மாற்றுவது.
2. சந்தேகத்துக்குரிய ‘ெள’ இடங்களைக் கோப்பு, வரி எண்ணோடு பட்டியலிடுவது.
3. எழுத்துருவின் வரிசைக்கு வெளியே விழும் குறிகளைச் சொல்வது.
4. கட்டி முடிந்த கோப்புகளில் தமிழ் எழுத்து எத்தனை, பைட் எத்தனை, மாற்றி எழுதப்பட்டவை எத்தனை என்று கணக்குக் காட்டுவது.

நாலும் சேர்ந்து சுமார் 40 வரி. முதல் வேலை எழுதும்போதும் கட்டும்போதும் ஓட வேண்டும். இல்லாவிட்டால் எழுதுபவர் பார்ப்பது ஒன்று, பயணி பார்ப்பது வேறொன்று ஆகிவிடும். அதைக்கூட மொழிக் கோப்புகள் உள்ள அடைவுக்குள் மட்டும் ஓடும்படி கட்டுப்படுத்த வேண்டும். வேலியில்லாமல் விட்டால் வெளியிலிருந்து வாங்கிய ஒவ்வொரு நிரலையும் தொட்டுக்கொண்டிருக்கும். நான்காவதைக் கடைசி வாசலில் வைக்க வேண்டும். நிரல் சுருங்கி இறுதி வடிவம் பெற்ற பின் எண்ணினால்தான் எண்ணிக்கை மெய்.

வெளிச்சார்பு எத்தனை? பூஜ்யம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதன் ஆசிரியர் என்பிஎம்மிலிருந்து விலக்கினார். உலகெங்கும் பில்டுகள் நின்றன. 2025 செப்டம்பரில் ஒரு பராமரிப்பாளரின் கணக்கை ஏமாற்றிப் பறித்தவர்கள், சாக், டீபக் உள்ளிட்ட 18 பொதிகளில் நஞ்சு கலந்தார்கள். அவற்றின் பதிவிறக்கம் வாரத்துக்கு 200 கோடிக்கு மேல். 40 வரியில் முடிவதற்கு இன்னொருவர் வீட்டுச் சாவியை நம்பியிருக்கத் தேவையில்லை.

ஐந்தொகை

கணக்குக்காக, மாதம் 25,000 ரூபாய் ஊதியம், 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வைக்கிறேன். மணிக்கு 125 ரூபாய். வேலை நேரங்கள் என் மதிப்பீடு. உங்கள் எண்களை இட்டுப் பாருங்கள்.

முதல் ஆண்டுச் செலவு:

- எழுத 6 மணி நேரம்: 750 ரூபாய்
- சோதிக்க 4 மணி நேரம்: 500 ரூபாய்
- பயன்பாட்டுக் குறிப்பு எழுத 2 மணி நேரம்: 250 ரூபாய்
- நாளுக்கு 4 பில்டு, தலா 1 விநாடி கூடுதல், ஆண்டுக்கு 20 நிமிடம்: 42 ரூபாய்
- புதிய பதிப்புகளுக்கு ஏற்பத் திருத்த: 433 ரூபாய்
- மொத்தம்: 1,975 ரூபாய்

நான்காவது வரியில் ஒரு பாடம் இருக்கிறது. எண்ணும் வேலையை எழுதும் நேரத்திலும் ஓடவிட்டு, அது நாளுக்கு 40 முறை நடந்தால் 42 ரூபாய் 417 ஆகும். பில்டின்போது மட்டும் ஓடு என்ற ஒரு சொல் 375 ரூபாயை மிச்சப்படுத்துகிறது.

ஐந்தாவது வரியைப் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள். வீட் கருவியின் 2ஆம் பதிப்பு 2021 பிப்ரவரியில் வந்தது, 7ஆம் பதிப்பு 2025 ஜூனில். 52 மாதத்தில் ஐந்து முறை மாற்றம். சராசரியாகப் பத்து மாதத்துக்குச் சற்று மேல் ஒன்று. ஒவ்வொரு முறையும் 3 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 433 ரூபாய். பிளகின் எழுதுவது ஒரு நாள் வேலையாகத் தோன்றலாம்; வைத்துக் காப்பாற்றுவது ஆண்டுதோறும் வரும் வேலை.

வரவு: 2,000 சொற்களையும் தேடல் பெட்டியில் இட்டுக் கையால் சோதிக்க, சொல்லுக்கு 15 விநாடி வீதம் 8 மணி 20 நிமிடம் ஆகும். மதிப்பு 1,042 ரூபாய். ஆண்டுக்கு நான்கு முறை என்றால் 4,167. பிளகின் இருந்தால் அது சுட்டும் இடங்களை மட்டும் பார்த்தால் போதும். பத்தில் ஒரு பங்கு, 200 சொல் என்று வைத்தால் ஆண்டுக்கு 417 ரூபாய். மிச்சம் 3,750.

முதல் ஆண்டு நிகர வரவு 1,775 ரூபாய். இரண்டாம் ஆண்டில் செலவு 475 ரூபாயாகக் குறைவதால் நிகர வரவு 3,275.

தொகை சிறியதுதான். ஆனால் இதே பிளகினைப் பத்துச் செயலிகள் பகிர்ந்துகொண்டால் எழுதும் செலவான 1,500 ரூபாய் செயலிக்கு 150 ஆகிவிடும். எழுதியவர் அதைத் திறந்த உரிமத்தில் வைத்துவிட்டால் பதினோராவது செயலிக்கு அதுவும் இல்லை. மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் ஆளுக்குச் சில பக்கம் தட்டச்சு செய்து ஒரு நூலகத்தையே எழுப்பியது இந்தக் கணக்கில்தான்.

எஸ்பில்டின் இயல்புநிலையைத் தேர்ந்தவர்களின் மேசையில் ஒரு எழுத்து ஒரு பைட்டாக இருந்தது. நம் மேசையில் ஐந்து. இதில் குறை சொல்ல யாரும் இல்லை. எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான். அடுத்த முறை ஒரு செயலியைக் கட்டி முடித்ததும், வெளியிடுவதற்கு முன், தேடல் பெட்டியில் சோழவந்தான் என்று ஒரு தடவை தட்டிப் பாருங்கள். சோழவந்தான் வர வேண்டும், அதுவும் 30 பைட்டில்.